ஆள் பார்க்கும் ஆக்ஸிலேட்டர்

இந்த இடம் காலியாம்மா? உக்காரலாமா? நீ ஜன்னல் பக்கமே இரு, எனக்குக் காத்து ஆகாது. எங்க பிருந்தா வயசுதான் இருக்கும் உனக்கு. காலேஜ் முடிச்சாச்சா? நல்லது. துறையூர்தானே? நானும் துறையூர் வரைக்கும்தான். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இந்த முன் சீட்டு கிடைக்கிறது லேசுப்பட்ட விஷயமா? டிரைவருக்கு நேர் பின்னாடி. அவர் எப்படி ஓட்டறார்னு பார்த்துக்கிட்டே போகலாம்.

ஒரு நிமிஷம், இந்தச் செருப்பைக் கழட்டிச் சீட்டுக்கு அடியில தள்ளிடறேன். குதிகால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த செருப்பு. இட்லி மாதிரி மெத்து மெத்துனு இருக்கும். ஆனா எவ்வளவு நல்ல செருப்பா இருந்தாலும் வண்டிக்குள்ள அது கால்ல இருக்கக் கூடாது. பஸ்ஸோ காரோ, நம்மளைச் சுமக்குற வண்டி இல்லையா? அதுக்கு ஒரு மரியாதை வேணும்.

நான் பஸ்ஸுல போற ஆள் இல்லைம்மா. தப்பா எடுத்துக்காதே. இங்கே திருச்சி வீட்டுல கார் நிக்குது. வெள்ளைக் கலர். ரிட்டையர் ஆன கையோட வாங்கினது. இன்னைக்கும் உள்ளே ஏறிப் பார்த்தா நேத்து கடையில இருந்து எடுத்த மாதிரி இருக்கும். சீட்டுக்குப் போட்டு அனுப்பின பிளாஸ்டிக் கவரைக்கூட நான் பிரிக்கலை. வெயில்ல முதுகுல ஒட்டுதுன்னு கோமளம் முணுமுணுப்பா. கோமளம்னா என் வீட்டுக்காரி. ஒட்டினா ஒட்டட்டும். முதுகைத் துடைச்சுக்கலாம், சீட்டைத் துடைக்க முடியுமா?

கார் நிக்கும்போது இந்த மனுஷன் எதுக்கு பஸ்ஸுல போறார்னு நீ கேக்கலை. ஆனா கேக்கணும்னு நினைக்கிறது முகத்துலயே தெரியுது. சொல்றேன்.

குழந்தைவேலுன்னு என் மச்சினன். கோமளத்துக்கு ஒரே தம்பி. துறையூர்ல கார் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கான். பிருந்தாவுக்கு அவன்தான் ஒரே தாய்மாமன். பிருந்தாவுக்கு வர ஆவணியில கல்யாணம். இதை ஞாபகம் வச்சுக்கோ, பின்னாடி வேணும்.

என் காருக்கு பிரேக் தேஞ்சு போச்சு. மிதிச்சா ஆற அமர யோசிச்சுதான் நிக்கும். எனக்கு அது ஒண்ணும் பெரிசாத் தெரியலை, நானும் அப்படித்தான், எதையும் யோசிச்சுதான் செய்வேன். ஆனா கோமளம் பயந்தா. சரி, சொந்தக்காரன் இருக்கும்போது வெளியில எதுக்குன்னு குழந்தைவேலுகிட்ட விட்டேன். அவனும் பிரேக்கை மொத்தமா மாத்தி, வண்டியைக் கழுவித் துடைச்சுக் கொண்டாந்து நிறுத்தினான். நான் நியாயமான ஆள்ம்மா, இருக்கிறதைச் சொல்லணும். பிரேக் பிரமாதம். காலை வச்சாப் போதும், டப்புனு நிக்கும். பின் சீட்டுல வச்ச தூக்குவாளி முன் சீட்டுக்கு வந்துடும், அப்படி ஒரு பிரேக்.

ஆனா பிரேக்கைச் சரி பண்ணினவன் ஆக்ஸிலேட்டரைக் கெடுத்துட்டான்.

எப்படின்னு கேளு. சிக்னல்ல நிப்பேன். பச்சை விழும். ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். பாதி தூரம் போகும், அதுக்கு மேல போகாது. கீழே யாரோ தலையணையை வச்சு அழுத்திப் பிடிச்ச மாதிரி மெத்துனு இருக்கும். பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிப்பான், ஆட்டோக்காரன் எட்டிப் பார்த்து, "பெருசு, தூங்கறியா?"ம்பான். வண்டி ஊர்வலத்துல போற சப்பரம் மாதிரி நகரும். சரின்னு ஓரம் கட்டி, செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கி, பானெட்டைத் திறந்து பார்ப்பேன். உள்ளே எல்லாம் இருக்கும். மூடிட்டு மறுபடி ஏறி மிதிச்சா, குதிரை மாதிரி பாயும். இதென்ன வியாதி? இறங்கினாக் குணமாகுது, ஏறினா வருது.

என்னம்மா? ஏதோ சொல்ல வாயெடுத்தே? இரு இரு, இனிமேதான் விஷயமே.

நேரா துறையூருக்கு ஓட்டிட்டுப் போனேன். வழியில ரெண்டு தரம் மக்கர். ஒர்க்‌ஷாப் வாசல்ல நிறுத்தி, செருப்பைக் காலால துழாவி மாட்டிக்கிட்டு இறங்கினேன். ஒண்ணு சீட்டுக்கு அடியில இருந்தது, இன்னொண்ணு எங்கேயோ முன்னாடி போய்க் கிடந்தது, அதைத் தேடறதுக்குள்ள இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அந்தக் கடுப்பு வேற. "என்னடா வேலை பார்த்திருக்கே?"ன்னு கேட்டேன். அவன் சாவியை வாங்கிக்கிட்டு ஒரு ரவுண்டு போனான். பெருமாள் மலை வரைக்கும் போயிட்டு வந்திருப்பான். வந்து இறங்கி, கையைத் துடைச்சுக்கிட்டே, "மாமா, நல்லாத்தானே இருக்கு"ங்கறான்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலை மாமா. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வரேன். எப்போ எப்படிப் பிடிக்குதுன்னு பார்த்துடலாம்."

கேட்டியா கதையை? நான் ஓட்டணுமாம், இவன் பக்கத்துல உக்காந்து பார்ப்பானாம். லைசென்ஸ் கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் மாதிரி. நான் சூப்பிரண்டா இருந்தவன்ம்மா. என் செக்‌ஷன்ல ஒருத்தர் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நான் பேசி முடிக்கிற வரைக்கும் அப்படியே நிப்பாங்க. முடிச்ச பிறகும் பேச மாட்டாங்க. அவ்வளவு மரியாதை. எனக்குப் பரீட்சை வைக்க வரான் இவன். "எனக்கு ஓட்டத் தெரியும், உனக்கு ரிப்பேர் பண்ணத் தெரியுமான்னு பாரு"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அப்புறம் திருச்சியிலேயே ஒரு பெரிய சர்வீஸ் சென்டர். ஏசி ரூம், காப்பி எல்லாம் கொடுத்தாங்க. கழுத்துல டை கட்டின பையன் ஒருத்தன் வண்டியில வயரைச் சொருகி, கம்ப்யூட்டர்ல பார்த்துட்டு, "சார், எந்த எரரும் காட்டலை"ன்னான். "கம்ப்யூட்டர் காட்டலைன்னா என் கால் பொய் சொல்லுதா?"ன்னேன். பயந்துட்டான். முழு பெடலையும் சென்சாரோட மாத்திக் கொடுத்துட்டான். வீட்டுக்கு வர வழியில, தில்லைநகர் ஆர்ச் பக்கத்துல ஒரு நாய் குறுக்கே வந்துச்சு, பிரேக்கைப் போட்டேன், நாய் தப்பிச்சுது. திரும்ப மிதிக்கிறேன், மெத்து! புதுப் பெடல்ம்மா. அதுக்குள்ள அதுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்துட்டாங்க.

ஏம்மா கீழேயே பார்க்கறே? ஏதாவது விழுந்துடுச்சா? இல்லையா? சரி.

பிருந்தாவுக்கும் கார் ஓட்டத் தெரியும். "நான் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கறேன்ப்பா"ன்னா. ஓட்டினா. நான் பக்கத்து சீட்டுல, செருப்பை என் கால்கிட்டயே கழட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சமயபுரம் போயிட்டு வந்தோம். ஒரு மக்கர் இல்லை. நாலு தடவை சடன் பிரேக் அடிச்சுப் பார்த்தா, நான்தான் முன்னாடி போய் முட்டிக்கிட்டேனே தவிர, ஆக்ஸிலேட்டர் கண்ணாடி மாதிரி வேலை செஞ்சுது. அப்பதான் எனக்குச் சுருக்குனுச்சு. குழந்தைவேலு ஓட்டினா நல்லாருக்கு, டை கட்டின பையன் கம்ப்யூட்டர்ல பார்த்தா நல்லாருக்கு, பிருந்தா ஓட்டினா நல்லாருக்கு. நான் ஓட்டினா மட்டும் வருது. அப்போ என்ன அர்த்தம்? வண்டி ஆளைப் பார்த்து வேலை செய்யுது. அப்படி அதைச் செட் பண்ணி வச்சிருக்கான் அவன்.

எதுக்குன்னு கேக்கறியா? பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன் பேரை நான் கொஞ்சம் சின்ன எழுத்துல போடச் சொன்னேன். இடம் இல்லை, என் பேருக்குக் கீழே என் பதவி, ஓய்வுங்கிறது, எல்லாம் வரணும் இல்லையா? அவனுக்கு அதுல உள்ளே புகைச்சல் இருந்திருக்கும். இருந்துச்சுன்னு அவன் சொன்னானான்னா, சொல்லலை. பத்திரிகையை வாங்கிப் படிச்சுட்டு, "அருமையா இருக்கு மாமா"ன்னுதான் சொன்னான். அதுதான் எனக்குச் சந்தேகம்.

பிருந்தா அன்னைக்கு வண்டியை விட்டு இறங்கும்போது, "அப்பா, எனக்கென்னமோ உங்க செருப்பு..."ன்னு ஆரம்பிச்சா. அவ என்ன கேக்கப் போறான்னு எனக்குத் தெரியாதா? கால்ல செருப்போட ஏறலாமான்னு அடிக்கடி கேப்பா. "செருப்புப் பேச்சே கிடையாது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். எங்க வண்டிக்குச் சட்டம் அப்படி. யார் ஏறினாலும் செருப்பைக் கழட்டி ஒரு துணிக்கடைப் பையில போட்டு மடியில வச்சுக்கணும். நான் மட்டும் ஓட்டறவன், மடியில பையை வச்சுக்கிட்டு ஸ்டீயரிங் பிடிக்க முடியாது, அதனால என்னோடது சீட்டுக்கு அடியில. கோமளம்கூட, "உங்களோடதையும் என்கிட்டயே குடுங்க, பையில போட்டுக்கறேன், அது அங்கே கிடக்க வேணாம்"னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. புருஷன் செருப்பைப் பொண்டாட்டி மடியில வச்சுக்கிட்டு வந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? நான் அந்த மாதிரி ஆள் இல்லைம்மா. பொம்பளைங்களை மதிக்கிறவன். "வாயை மூடிக்கிட்டு உக்காரு"ன்னுட்டேன்.

என்ன, என்ன? இரும்மா, சம்பந்தி கதையைச் சொல்லிடறேன். அதைக் கேட்டாத்தான் என் கோபம் உனக்குப் புரியும்.

மாப்பிள்ளையோட அப்பா அம்மா வந்திருந்தாங்க. ஸ்ரீரங்கம் கூட்டிட்டுப் போறேன்னு நானே வலிய ஏத்திக்கிட்டேன். அவங்களும் செருப்பைக் கழட்டிப் பையில போட்டு மடியில வச்சுக்கிட்டாங்க. சம்பந்தி அம்மா ஒரு மாதிரி பார்த்தாங்க, ஆனா வச்சுக்கிட்டாங்க. காவேரிப் பாலம். முன்னாடி பஸ்காரன் பிரேக் போட்டான், நானும் போட்டேன். அவன் கிளம்பினான். நான் மிதிக்கிறேன். மெத்து! பாலத்து நடுவுல, அந்த நெரிசல்ல. பின்னாடி ஒரு கிலோமீட்டருக்கு ஹார்ன். வாழைத்தார் ஏத்தின சைக்கிள்காரன் என்னைத் தாண்டிப் போறான்ம்மா. தாண்டிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். சம்பந்தி மெதுவா, "இறங்கி ஒரு கை தள்ளட்டுங்களா?"ன்னு கேட்டார். மடியில செருப்புப் பையோட ஒரு பெரிய மனுஷன் அப்படிக் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேலுவுக்குப் போன் போட்டேன். "நாலு பேர் முன்னாடி வந்து 'என் வேலைதான் தப்பு'ன்னு ஒத்துக்கோ. இல்லேன்னா கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ. மேடை ஏறாதே"ன்னுட்டேன். அதுக்கு, "செய்யாத தப்பை எப்படி மாமா ஒத்துக்கிறது? என் தொழில் இல்லையா?"ன்னான். குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. நடிப்பு.

தாய்மாமன் மேடை ஏறலைன்னா என்னன்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாலை அவன் போடணும், பொண்ணை அவன்தான் கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். கோமளம் அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னா. "என் தம்பி மேடை ஏறாம என் பொண்ணு கழுத்துல தாலி ஏறாது"ன்னா. அவ்வளவுதான். பெட்டியை எடுத்தா. பிருந்தாவும் அவ கூடவே போயிட்டா. ரெண்டு பேரும் இப்போ துறையூர்ல, அவன் வீட்டுல. கல்யாணப் பொண்ணு மாமன் வீட்டுல போய் உக்காந்திருக்கா. மண்டபத்துக்காரன் எனக்குப் போன் பண்றான், சமையல்காரர் கூப்பிட்டு ஆள் கணக்கு கேக்கறார். சம்பந்தி வீட்டுல இருந்து, "எல்லாம் சௌக்கியம்தானே?"ன்னு கேக்கறாங்க. சௌக்கியம், சௌக்கியம்னு சொல்லி எனக்கு வாய் வலிக்குது.

போன் பண்ணினா கோமளம் எடுப்பா. எடுத்ததும், "தம்பி மேடை ஏறுவானா?"ம்பா. நான், "ஒத்துக்கிட்டானா?"ம்பேன். அதோட ரெண்டு பேரும் வச்சுடுவோம். தினம் இதான் எங்க பேச்சு. வீட்டுல நானே காப்பி போட்டுக்கறேன். என்ன போட்டாலும் சுடுதண்ணி மாதிரிதான் வருது.

அதான் நேர்ல போறேன். கூப்பிடறதுக்குப் போகலைம்மா, அவனுக்குக் கடைசியா ஒரு சந்தர்ப்பம் கொடுக்கப் போறேன். ஒத்துக்கிட்டா மாலை, இல்லேன்னா இல்லை. நான் பிடிவாதக்காரன் இல்லை. அவங்கதான் எல்லாரும் பிடிவாதமா இருக்காங்க.

புலிவலம் வந்துடுச்சு பாரு. நல்லாத்தான் ஓட்டறார் டிரைவர். என்ன, கொஞ்சம்... ஏய், ஏய், ஆடு, ஆடு! அய்யய்யோ!

உனக்கு ஒண்ணும் ஆகலையே? கம்பியில இடிச்சுக்கிட்டியா? இல்லையா? நல்லவேளை. ஆட்டுக்காரன் பாரு, ஆட்டை விட்டுட்டு அவன் பாட்டுக்கு போன் பேசறான். டிரைவர் பிடிச்சாரே ஒரு பிரேக்! சபாஷ். ஆனா எதுக்கு இன்னும் கிளம்பாம நிக்கறார்? என்ன கத்தறார்?

"யாருய்யா இது? எவன் செருப்புய்யா இது? காலுக்கு அடியில வந்து சொருகிக்கிட்டு நிக்குது! ஆக்ஸிலேட்டரை மிதிச்சா இறங்க மாட்டேங்குதுய்யா! பிரேக்குக்கு அடியில போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

...

என்னோடதுதான் தம்பி. கோச்சுக்காதீங்க. கண்டக்டர் தம்பி, இப்படிக் கொடுத்துடுங்க, பழையபடி சீட்டுக்கு அடியிலயே வச்சுடறேன். தேங்க்ஸ்.

...

இரும்மா. கொஞ்ச நேரம் பேசாம இரு.

...

நீ பேசலைதான். சும்மா சொன்னேன்.

பஸ்ஸு பிரேக் நல்ல பிரேக். அதனாலதான் டிரைவருக்குப் பின்னாடி இருக்கிற தடுப்புக்கு அடியில, அந்தச் சந்து வழியா அவ்வளவு தூரம் வழுக்கிட்டுப் போச்சு. சொத்தை பிரேக்கா இருந்தா செருப்பு போட்ட இடத்துலயே கிடந்திருக்கும். என் கார்லயும் பழைய பிரேக் இருந்த வரைக்கும் அது நகர்ந்தது இல்லை. புது பிரேக் வந்த பிறகுதான்... தூக்குவாளியே முன்னாடி வருதுன்னா...

அப்போ தப்பு யார் மேல? நீயே சொல்லு. வேணாம், நானே சொல்றேன். பிரேக்கை இவ்வளவு அழுத்தமா வைக்கச் சொன்னது யார்? அளவா வச்சிருக்கலாம் இல்லையா? சரி போகட்டும். சின்னப் பையன். நான் மன்னிச்சுடறேன். கல்யாண வீடு, பெரியவங்க கொஞ்சம் விட்டுத்தான் கொடுக்கணும். அது மட்டும் இல்லை, இதைக் கண்டுபிடிச்சது யாரு? மெக்கானிக் கண்டுபிடிச்சானா? கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சுதா? கடைசியில நான்தானே கண்டுபிடிச்சேன்! உன் கண்ணு முன்னாடிதானே! நீதான் சாட்சி.

கோமளத்துக்கு ஒரு போன் போட்டுடறேன். இரு.

அடிக்குது... ஹலோ. நான்தான். ம்... ம், கேளு, கேளு. எப்பவும் கேக்கறதைக் கேளு.

ஏறுவான்.

ஏறுவான்னு சொல்றேன்ல. அவனே முதல் மாலை போடட்டும். அவனே கூட்டிட்டு வரட்டும். பத்திரிகையை வேணும்னா திருப்பி அடிச்சுக்கலாம், பெரிய எழுத்துல... அழறியா? எதுக்கு அழறே? பஸ்ஸுல வந்துட்டிருக்கேன். சாதம் வச்சிருக்கியா? வெறும் ரசம் போதும்... என்னது? என்ன கேட்டே?

...

சரி. வரேன். வை.

என்ன கேட்டா தெரியுமாம்மா? நான் ஒண்ணுமே சொல்லலை. கண்டுபிடிச்சேன்னுகூடச் சொல்லலை. "ஏறுவான்"னுதான் சொன்னேன். அதுக்குள்ள, "செருப்பா?"ன்னு கேக்கறா. சிரிச்சுக்கிட்டே அழறா. பின்னாடி இருந்து பிருந்தா, "செருப்பாம், செருப்பாம்"னு கத்தறா. அவன் சிரிக்கிற சத்தமும் கேக்குது, குழந்தைவேலு. அப்போ எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு! இத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கு, ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா? பெத்த பொண்ணு, கட்டின பொண்டாட்டி. வாயைத் திறந்து, "இந்த மாதிரிங்க, செருப்பு மேல சந்தேகமா இருக்கு"ன்னு சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா? அந்தப் பையன் மனசுதான் நொந்திருக்குமா?

ஏம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கறே? உனக்குமா? உனக்கும் தெரிஞ்சிருந்துச்சா? எப்போ இருந்து? படிச்ச பொண்ணு நீ, அப்பவே சொல்லியிருக்க வேணாமா? சொல்ல வந்தியா? எப்போ வந்தே? நான் பார்க்கவே இல்லையே.

இந்தக் காலத்துல மனசு விட்டுப் பேச ஆளே இல்லாமப் போயிட்டாங்கம்மா. எல்லாரும் உள்ளுக்குள்ளயே வச்சுக்கறாங்க. அதான் குடும்பத்துல இவ்வளவு பிரச்சினை. நீயாவது அப்படி இருக்காதே. மனசுல பட்டதைத் தைரியமாச் சொல்லப் பழகு.

துறையூர் வந்துடுச்சு! அதோ பாரு, ஸ்டாண்டு வாசல்லயே நிக்கிறான் குழந்தைவேலு. கூட்டிட்டுப் போக வந்திருக்கான் பாரேன், வெயிலுக்கு எனக்குக் கையில ஒரு குடையைக்கூட எடுத்துட்டு வந்திருக்கான். டேய் மாப்ளே! இங்கே, இங்கே! வரேன்டா! நான் இறங்கறேன்ம்மா, பத்திரமாப் போ.

என்னம்மா? கூப்பிட்டியா? கீழே என்னத்தைக் கையைக் காட்டறே? சீட்டுக்கு அடியில என்ன? அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா, மச்சினன் காத்துக்கிட்டிருக்கான், வரேன்!